இருநூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறாதே என்றால் கேட்கமாட்டாய். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், நாளைக்கு "டாக்டராக இருந்தும் சொல்லவில்லையே" என்று என்னைத்தான் பிடித்துக்கொள்வாய்.

ஓர் உதவி வேண்டும். இங்கே பிரசவ வார்டில், பிள்ளை பெற்ற பிறகு காய்ச்சல் வந்தால் ஓர் ஊசி போடுவோம். அதைப் போட்டுக்கொண்ட தாய் மூன்று நாள் பால் கொடுக்கக் கூடாது என்று சுவரில் பலகையே மாட்டியிருக்கிறது. பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். போன மாதம் ஆறாம் கட்டிலில் ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். மூன்றாம் நாள் அவளுக்கு மார்பு கட்டிக்கொண்டது. நான்காம் நாள் குழந்தையை மார்பில் விட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. கடைசியில் டப்பாப் பாலோடு வீட்டுக்குப் போனாள். போகும்போது என்னை நிறுத்தி, "மூணு நாள்னு யாரு சொன்னா டாக்டர்? அளந்து பார்த்தாங்களா?" என்று கேட்டாள். "புத்தகத்துல இருக்கும்மா" என்றேன். "நான் துணியில கத்திரி வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அளப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வெட்கத்தில்தான் என் ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொண்டேன். முதல் அத்தியாயத்தில், இதைப் பற்றி இதுவரை யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்துத் தொகுக்க வேண்டும். மூன்று நாள் என்று சொல்லும் கட்டுரைகள் பதினொன்று அகப்பட்டன. பதினொன்றும் ஆதாரமாகக் காட்டுவது ஒரே ஒரு பழைய கட்டுரையை. ஏதோ வேற்று மொழி இதழ், பதிமூன்றாம் தொகுதி, பக்கம் 241. இங்கே எந்த நூலகத்திலும் அது இல்லை. விசாரித்தால், உங்கள் மருத்துவக் கல்லூரி நூலகத்துப் பட்டியலில் இருக்கிறதாம்! அக்கா நூலகத்தில் இருக்கும்போது எனக்கு என்ன கவலை. ஒரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு.

உன்
சின்னவள்

*

ஜனவரி 24

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. டாக்டர் என்றால் இளைக்க வேண்டும் என்று சட்டமா?

நீ கேட்ட தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. எங்கள் பைண்டரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. கொடுத்தால் கொடுத்ததுதான். வந்ததும் பார்க்கிறேன்.

அது சரி, பதினோரு டாக்டர்கள் சொன்னதில் உனக்கு என்ன சந்தேகம்? சின்ன வயதிலும் நீ இப்படித்தான். கணக்குப் புத்தகத்தின் பின்னால் இருக்கும் விடை தப்பு என்று வாத்தியாரோடு மல்லுக்கு நிற்பாய். நான் வந்து மன்னிப்புக் கேட்டு உன்னை அழைத்துப்போவேன்.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்.

உன்
அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், காலுறையும் போட்டிருக்கிறேன். போதுமா? அந்தக் கணக்கு விடை தப்புதான் என்று கடைசியில் வாத்தியாரே ஒப்புக்கொண்டார். அதை மட்டும் நீ வசதியாக மறந்துவிடுவாய்.

ஒரு வேடிக்கை கேள். விடுதி அறைத் தரையில் பதினோரு கட்டுரைகளையும் தேதி வரிசையில் பரப்பிவைத்தேன். நடக்க இடமில்லை, கட்டிலிலிருந்து கதவுக்குத் தாவித்தான் போகிறேன். புதியதிலிருந்து பின்னாலேயே போனால் முதல் கட்டுரை யாருடையது தெரியுமா? உங்கள் பெரிய டாக்டருடையது! அப்பா போன பிறகு உனக்குத் தட்டச்சு வேலை போட்டுக்கொடுத்தாரே, அதே பெரிய டாக்டர். பத்தொன்பது வருடத்துக்கு முந்தியது. என்னிடம் இருக்கும் நகலில் கடைசிப் பக்கத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. மேற்கோள் பட்டியல் பாதிதான் தெரிகிறது. ஆனால் அந்த 241 தெளிவாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகும் வியாழக்கிழமை தவறாமல் செய்தித்தாள் படிக்க உங்கள் நூலகத்துக்கு வருவார் என்று சொல்வாயே. ஒரு வார்த்தை கேட்டுப் பார். மூலக் கட்டுரை அவரிடமே இருக்கக்கூடும்.

பதிலை எதிர்பார்த்து,
சின்னவள்

*

மார்ச் 6

சின்னவளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் மாடிவீட்டுப் பூனையும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடி உடைந்துபோய்ப் புதிது போட்டேன். குளியலறைக் கூரை ஒழுகியது, ஆள் வந்து அடைத்துவிட்டுப் போனான். இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது.

தொகுதி இன்னும் வரவில்லை. பெரிய டாக்டருக்கு வயதாகிவிட்டது. பழசையெல்லாம் கேட்டு அவரைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

எல்லோரும் எழுதியபடி நீயும் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போயேன். பட்டம் கைக்கு வந்த பிறகு எதை வேண்டுமானாலும் தோண்டு.

உன்
அக்கா

*

மார்ச் 15

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. ஆனால் கூரையைச் சரியாக அடை, ஈரம் உன் முழங்காலுக்கு ஆகாது.

"எல்லோரும் எழுதியபடி எழுது" என்கிறாய். என் வழிகாட்டிப் பேராசிரியரும் இதையேதான் சொல்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அடிஸ்கேல். ஆய்வேட்டில் ஓரம் எத்தனை அங்குலம் விட்டிருக்கிறோம் என்று ஸ்கேல் வைத்து அளப்பார். மேற்கோள் பட்டியலில் ஒரு கமா இடம் மாறினால் கட்டைத் தூக்கி எறிவார். அந்தப் பட்டியலில் இருப்பதைப் படித்தாயா என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. நேற்று அவரிடம் போய், "சார், மூலக் கட்டுரையைப் படிக்காம அதை மேற்கோள் காட்டமாட்டேன்" என்றேன்.

"எல்லாரும் சொல்றாங்கம்மா. அதுதான் ஆதாரம்."

"பதினோரு பேர் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினா, பரீட்சையில என்ன செய்வீங்க சார்?"

முகம் சிவந்துவிட்டது. அந்தப் பதினொன்றில் எட்டாவது அவருடையது. "வாய் ரொம்ப நீளுது. இந்த அத்தியாயம் இப்படியே வந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் இல்லை, மூன்று வருடம் வீண். இருக்கட்டும். படிக்காததைப் படித்ததாக எழுதமாட்டேன்.

உன் பைண்டரை இனி நம்பிப் பயனில்லை. அந்த இதழ் எந்தக் கல்லூரியிலிருந்து வந்தது என்று தேடிப் பிடித்து, மூலக் கட்டுரை எழுதியவருக்கே நேராகக் கடிதம் போட்டுவிட்டேன். உயிரோடு இருந்தால் பதில் போடட்டும்.

சின்னவள்

*

ஏப்ரல் 20

அருமை அக்கா!

நலம், நலம், படு நலம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி.

கட்டுரை எழுதியவர் பதில் போட்டுவிட்டார். எண்பத்தொரு வயது. கட்டுரையின் அச்சுப் பிரதியும், வரிக்கு வரி மொழிபெயர்ப்பும், கூட ஒரு குறிப்பும். அந்தக் குறிப்பை அப்படியே எழுதுகிறேன்: "என் ஆராய்ச்சியில் இத்தனை வருடம் கழித்து ஒரு டாக்டர் அக்கறை காட்டுவது மகிழ்ச்சி. ஆனால் பிரசவ வார்டுக்கு இது எதற்கு என்று புரியவில்லை. நான் மாட்டு வைத்தியன்."

மாடு, அக்கா! இருபத்து நான்கு கறவைப் பசுக்கள்! அந்த மருந்தைப் பசுவுக்குப் போட்டால் கறந்த பாலை மூன்று நாள் விற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். பசுவுக்குக் கொடுத்த அளவு வேறு, கொடுத்த விதம் வேறு. பத்தொன்பது வருடமாக நாம் தாய்மாரைப் பாலைக் கொட்டச் சொன்னது இதை வைத்துத்தான். இன்னொன்று: கட்டுரை இருப்பது 241ஆம் பக்கத்தில் இல்லை, 214ஆம் பக்கத்தில். பதினோரு பட்டியலிலும் 241 என்றே இருக்கிறது. ஒரே ஓர் ஆளாவது தொகுதியைத் திறந்திருந்தால் பக்கம் மாறியிருக்கும். ஒருவர்கூடத் திறக்கவில்லை.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் ஆறாம் கட்டில் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. இதை முதலில் பட்டியலில் கொண்டுவந்து போட்டானே ஒரு புண்ணியவான், அந்த மடையன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். படிக்காமல் போட எப்படித்தான் கை வந்ததோ! பெரிய டாக்டரைக் கேட்டாயா, இல்லையா?

உடனே எழுது.

சின்னவள்

*

மே 2

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடி. வேறொன்றும் விசேஷமில்லை.

அக்கா

*

ஜூன் 12

அக்கா,

சுகமாக இருக்கிறாயா? இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

உன் அஞ்சலட்டைக்கு ஆறு வாரமாக நான் பதில் போடவில்லை. காரணம் இதுதான். பெரிய டாக்டரின் கட்டுரை வந்த இதழ் ஒரு வழியாக முழுசாகக் கிடைத்தது. என் நகலில் வெட்டுப்பட்டிருந்த இடத்தில் ஒரு வரி இருக்கிறது: "இக்கட்டுரையைத் தட்டச்சு செய்ததோடு மேற்கோள் பட்டியலையும் தொகுத்துத் தந்த எங்கள் துறைத் தட்டச்சருக்கு நன்றி."

அந்த வரியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்புப் படித்தபோது ஒரு சாயங்காலம் நீ அலுவலகத்திலிருந்து ஓடிவந்து அதைக் காட்டினாய். அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாய். "உங்க அக்கா அச்சுல வந்துட்டா பாருடி" என்றாய். மருத்துவம் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். கட்டுரை எதைப் பற்றி என்று அப்போது நான் பார்க்கவில்லை.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. மடையன் என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடப்போகிறேன். நாற்பது தாய்மாரின் பாலை நானே எடுத்து அளந்திருக்கிறேன். குழந்தைக்குப் போகும் மருந்து ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுதான். அந்தக் கணக்கு மட்டும் போதும். பழைய கதை வேண்டாம். அடிஸ்கேலும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னவள்

*

ஜூன் 19

என் சின்னவளுக்கு,

முழங்கால், கண், ரத்த அழுத்தம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அதை விடு.

அத்தியாயத்தை எடுத்தாயானால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன். என்னைக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் மனுப் போட்டேனா? எனக்குக் குடை பிடிப்பதற்காகவா உன்னைப் படிக்கவைத்தேன்? பழைய கதை இல்லாமல் உன் கணக்கை மட்டும் போட்டால், ஒரு பக்கம் நீ, மறுபக்கம் பதினோரு பேர். பலகை சுவரிலேயே தொங்கும். அது உனக்கே தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன், எழுதிவைத்துக்கொள். அன்று பகல் இரண்டு மணி இருக்கும். பத்திரிகைக்காரர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெரிய டாக்டர் எழுதியிருந்த வரி இது: "முன்னெச்சரிக்கையாக மூன்று நாள் பால் கொடுக்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்." பக்கத்தில் பென்சிலால் "ஆதாரம்?" என்று கேட்டிருந்தார்கள். நாலு மணித் தபாலில் அனுப்பியாக வேண்டும். அவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தார். "நம்ம கார்டுப் பெட்டியில ஏதாவது இருக்கும்மா. பார்த்துப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

கார்டுப் பெட்டி என்றால், துறையில் எந்த டாக்டர் எதைப் பார்த்தாலும் ஒரு கார்டில் குறித்துப் போட்டுவைப்பார்கள். எல்லாவற்றையும் புரட்டினேன். ஒரு கார்டில் அந்த மருந்தின் பெயர் இருந்தது. தலைப்பு புரியாத மொழி. மூலையில் யாரோ "பாலில் மூன்று நாள்" என்று எழுதியிருந்தார்கள். எடுத்துப் பட்டியலில் சேர்த்தேன். வரிக்கு மேல் எண் வந்து உட்கார்ந்த பிறகு "என்று நினைக்கிறேன்" என்பது அங்கே பொருந்தாமல் இருந்தது. ஆதாரம் இருக்கும்போது நினைப்பானேன்? அதையும் நானே எடுத்துவிட்டேன். 214ஐ 241 என்று அடித்ததும் நான்தான். அவர் திரும்பி வந்து பார்த்து, "பிரமாதம்மா" என்று அந்த நன்றி வரியைச் சேர்க்கச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படிப்பைப் பாதியில் விட்டவள், டாக்டர் கட்டுரைக்கு ஆதாரம் தேடிக் கொடுத்துவிட்டேனே என்று.

என்னை நூலகத்துக்கு மாற்றிய முதல் வருடமே, தூசி தட்டும்போது அந்தத் தொகுதி கையில் அகப்பட்டது. அட்டையில் பசு படம். படம் பார்க்க மொழி வேண்டியதில்லையே. எடுத்துக்கொண்டு போய்க் கீழ்த்தளத்தில், பைண்டிங்குக்குக் கட்டிவைத்த மூட்டைகளுக்குப் பின்னால் செருகிவிட்டேன். பத்து வருடமாக அது அங்கேதான் இருக்கிறது. பாவம் அந்தப் பைண்டர், அதைக் கண்ணால் கண்டதில்லை. வார்டில் பலகை இருக்கும் என்றோ, யாரோ பாலைக் கொட்டிக்கொண்டிருப்பார்கள் என்றோ நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்கக் கூடாது என்றே இருந்தேன். உன் முதல் கடிதத்தில் அந்தத் தையல்காரியைப் படித்த பிறகும் உன்னிடம் பொய் சொன்னேன். அட்டையைப் பார்த்த அன்றே வாயைத் திறந்திருந்தால் அவள் பிள்ளை அவள் மடியிலேயே பால் குடித்திருக்கும்.

போன வியாழக்கிழமை பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செய்தித்தாளை மடித்துவைத்தார்.

"இதெல்லாம் இப்ப எதுக்கும்மா? ஜாக்கிரதைக்குச் சொன்னது. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"ஒரு தாய்க்குப் பால் போச்சு சார்."

"உனக்கு வேலை கொடுத்தவன் நான். என் பேரைக் கெடுக்கப்போறியா?"

"வேலை கொடுத்தீங்க சார், நன்றி இருக்கு. இது என் கையால போட்டது. நான் எடுக்கிறேன்."

எழுந்து போனார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவர் எழுந்தபோது நான் எழுந்து நிற்கவில்லை. முழங்கால்வலி என்று நினைத்திருந்தாலும் நினைக்கட்டும்.

மறுநாள் அந்தப் பத்திரிகைக்கு நடந்ததை முழுதும் எழுதி, பெயர் போட்டு, அடியில் "முன்னாள் தட்டச்சர்" என்று போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கல்லூரியில் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும். பெரிய டாக்டர் பார்க்காமல் விட்டார், உன் அடிஸ்கேல் படிக்காமல் எடுத்து எழுதினார், அது அவரவர் பாடு. போட்டவள் நான். அத்தியாயத்தை எழுது. என்னையும் சேர்த்து எழுது.

கூடவே அந்தத் தொகுதியின் ஜெராக்ஸ். நீ ஜனவரியில் கேட்டது.

உன்
அக்கா

*

அக்டோபர் 8

என் அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து அத்தியாயத்தை எழுதினேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

நீ பத்திரிகைக்கு எழுதிய கடிதம் செப்டம்பர் இதழில் ஒரு வார்த்தைகூடக் குறையாமல் வந்துவிட்டது. அதை என் பட்டியலில் பன்னிரண்டாவதாகச் சேர்த்தேன். அடிஸ்கேல் குதித்தார். "டைப்பிஸ்ட் எழுதின லெட்டரை மேற்கோள் காட்டுவாங்களா? அசிங்கமா இல்ல?"

"சார், இந்தப் பதினொண்ணையும் எழுதினவங்க மூலத்தைப் படிக்கல. இந்த லெட்டரை எழுதினவங்க, தான் செஞ்சது என்னன்னு தெரிஞ்சு எழுதியிருக்காங்க. இதை எடுக்கமாட்டேன்."

கையெழுத்துப் போடவில்லை. நான் மேலே முறையிட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியை, தொகுதியின் ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டையில் இருந்த பசுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடிஸ்கேல் பக்கம் திரும்பி, "நானும் என் கட்டுரையில இதை எழுதியிருக்கேன்" என்றார். மூன்றாவது கட்டுரை அவருடையது. பேனாவை அவரே எடுத்து நீட்டினார். அடிஸ்கேல் போட்டுவிட்டார், ஓரத்திலிருந்து சரியாக ஓர் அங்குலம் விட்டு.

தையல்காரப் பெண் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நானாகப் போய்ச் சொன்னேன். "நீங்க கேட்டது சரி. யாரும் அளக்கல. தப்பு எங்களுது."

"இப்ப அளந்தாச்சா?"

"அளந்தாச்சு."

"அப்ப அது இன்னும் ஏன் தொங்குது?" என்று பலகையைக் காட்டினாள். தலைமை நர்ஸ் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பிறகு அவள், "என் பாலை யாரு திருப்பித் தருவா டாக்டர்?" என்று கேட்டாள். இதையும் உனக்கு எழுதாமல் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஆய்வேட்டின் ஒரு பிரதியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன்
சின்னவள்

*

அக்டோபர் 21

டாக்டர் தங்கைக்கு,

நான் நலமே. உன் கோபம் இருந்துவிட்டுப் போகட்டும், சாப்பாட்டில் காட்டாதே.

அந்தப் பெண் கேட்டதைப் படித்தேன். தினமும் ஒரு தடவையாவது அது காதில் கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும்.

கல்லூரியில் தொகுதியை ஏன் ஒளித்தாய் என்று விளக்கம் கேட்டார்கள். "பயந்து ஒளித்தேன், இப்போது பயமில்லை" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய டாக்டர் வியாழக்கிழமைகளில் வருவதில்லை. அவருடைய நாற்காலியை நான் நகர்த்தவில்லை. வந்தால் உட்காரட்டும். பசுத் தொகுதியைத் துடைத்து, மேல்தளத்தில் ஜன்னலோரத்து அலமாரியில், எல்லோர் கைக்கும் எட்டுகிற தட்டில் வைத்திருக்கிறேன்.

உன் புத்தகம் வந்தது. நடுவில் இருப்பதெல்லாம் எனக்குப் புரியாது. நேராகக் கடைசிப் பட்டியலுக்குப் போனேன். மாட்டு வைத்தியருக்கு 214 என்று போட்டிருந்தாய், சரி. பன்னிரண்டாவதில் என் பெயர், பக்கம் 97 என்று இருந்தது. நம்பிவிடவில்லை. செப்டம்பர் இதழை அலமாரியிலிருந்து எடுத்துவந்து திறந்து பார்த்தேன். தொண்ணூற்றேழில்தான் இருக்கிறேன்.

உன்
அக்கா